இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால்: கரைப்பான் நஞ்சாகும் வேதியியல்

2025 அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு முடிவு ஒன்று வெளியானது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற, பாராசிட்டமால் கலந்த சளி மருந்தின் எஸ்ஆர்-13 பேட்சில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம் 48.6 சதவீதம் இருந்தது. அந்த மருந்தைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. பெரும்பாலோர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

அன்று முதல் வீடுகளில் பல கேள்விகள். பாராசிட்டமால் ஆபத்தானதா? மருந்து காலாவதியாகியிருந்ததா? அளவு கூடிப்போனதா? நம் வீட்டு டானிக் பாட்டிலிலும் 'கிளைகால்' என்று போட்டிருக்கிறதே, அதுவும் விஷமா? எல்லாவற்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. கோளாறு மருந்துப் பொருளில் இல்லை. அதைக் கரைத்து வைத்திருந்த திரவத்தில் இருந்தது. அந்தத் திரவம் எதற்கு, அதற்குள் நஞ்சு எப்படி வருகிறது, குழந்தையின் உடலில் என்ன செய்கிறது, சோதனைகளில் ஏன் தப்புகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

48.6 என்றால் எவ்வளவு?

இங்கே சதவீதம் என்பது 100 மில்லி சிரப்பில் 48.6 கிராம். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம். அதாவது வரம்பைப்போல 486 மடங்கு. ஒரு குழந்தையின் கணக்காக இதைப் போட்டுப் பார்த்தால்தான் முழு அர்த்தம் தெரியும்.

1. ஒரு வேளைக்கு 5 மில்லி என்றால், அதில் டைஎத்திலீன் கிளைகால் 2.43 கிராம்.

2. நாளைக்கு நான்கு வேளை, மூன்று நாள் கொடுத்தால் சுமார் 29 கிராம். திரவக் கணக்கில் 26 மில்லி.

3. குழந்தையின் எடை 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு ஏறத்தாழ 2.2 மில்லி.

4. 1995-96இல் ஹெய்ட்டியில் இதே நஞ்சால் பாதிக்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவர்கள் உடலுக்குள் போன அளவின் இடைநிலை மதிப்பு கிலோவுக்கு 1.34 மில்லி. மிகக் குறைந்த அளவு 0.22 மில்லி.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். 12 கிலோ குழந்தைக்கு அந்த 0.22 என்ற அளவு எட்டுவதற்கு, 48.6 சதவீத சிரப் வெறும் 6 மில்லி போதும். ஒரு ஸ்பூனும் அதற்கு மேல் சில சொட்டும். டாக்டர் எழுதிய அளவை அம்மா சரியாகத்தான் அளந்து ஊற்றியிருப்பார். அளவு கூடிப்போனதா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

இந்த எண் இன்னொன்றையும் சொல்கிறது. அதே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் விடுத்த எச்சரிக்கையில் கோல்ட்ரிஃப்புடன் வேறு இரண்டு இந்திய சிரப்புகளும் இருந்தன. ஒன்றில் 1.342 சதவீதம், மற்றதில் 0.616 சதவீதம். அவையும் வரம்பை மீறியவைதான். ஆனால் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்தால், நல்ல கரைப்பானில் கெட்டது கொஞ்சம் கலந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். பாட்டிலில் பாதி அளவு வந்தால், கரைப்பான் இருக்க வேண்டிய இடத்திலேயே வேறு திரவம் இருந்திருக்கிறது என்று பொருள். 'கலப்படம்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதில்தான் பாதிக் குழப்பம்.

சிரப்புக்குக் கரைப்பான் எதற்கு?

பாராசிட்டமால் தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது ஏறத்தாழ 14 கிராம். 5 மில்லிக்குக் கணக்கிட்டால் 70 மில்லிகிராம். குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் வேண்டும். வெறும் தண்ணீரை நம்பினால் மீதி அடியில் மண்டிபோலத் தங்கிவிடும். முதல் ஸ்பூனில் மருந்து குறைவாகவும், பாட்டில் தீரும்போது அதிகமாகவும் போகும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மருந்தைத் துகளாகவே விட்டு, பசைப் பொருள் சேர்த்து மிதக்க வைப்பது. 'குலுக்கிய பின் பயன்படுத்தவும்' என்று போட்டிருக்கும் பாட்டில்கள் அந்த வகை. மற்றது, தண்ணீரோடும் சேரும், மருந்தையும் கரைக்கும் இன்னொரு திரவத்தைத் துணைக்குச் சேர்ப்பது. அந்தத் துணைதான் புரோப்பிலீன் கிளைகால். கிளிசரினும் சார்பிட்டாலும் அதோடு வரும். இவை மருந்தைக் கரைக்கும், திரவத்துக்குக் கொழகொழப்புத் தரும், சர்க்கரை படிகமாகி மூடியில் ஒட்டாமல் தடுக்கும். கிளிசரினும் சார்பிட்டாலும் இனிப்பும் சேர்க்கும். மருந்துத் தொழிலில் இவற்றைத் துணைப்பொருள் என்பார்கள். நோயை ஆற்றும் வேலை இவற்றுக்குக் கிடையாது. ஆனால் பாட்டிலின் கொள்ளளவில் பெரும்பங்கு இவைதான். அதனால் குழந்தையின் உடலில் இறங்கும் கிராம் கணக்கிலும் இவையே முன்னால் நிற்கும். ஒரு வேளைக்குப் பாராசிட்டமால் 0.125 கிராம், கோல்ட்ரிஃப்பின் அந்த பேட்சில் நஞ்சு 2.43 கிராம்.

பெயர் ஒன்று, குணம் வேறு

கிளைகால் என்பது ஒரு தனிப்பொருளின் பெயரன்று. இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஜோடிகள்) கொண்ட ஆல்கஹால் குடும்பத்தின் பெயர். லேபிளில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. முன்னால் என்ன அடைமொழி என்று பார்க்க வேண்டும்.

1. புரோப்பிலீன் கிளைகால். புரோப்பிலீன் ஆக்சைடுடன் தண்ணீர் சேர்த்துத் தயாராவது. மருந்து, உணவு இரண்டிலும் அளவோடு அனுமதிக்கப்பட்டது.

2. எத்திலீன் கிளைகால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பானின் முக்கியப் பொருள். நஞ்சு.

3. டைஎத்திலீன் கிளைகால். எத்திலீன் கிளைகால் ஆலையிலேயே கூடப்பிறப்பது. எத்திலீன் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் எத்திலீன் கிளைகால். அதன்மேல் இன்னொரு எத்திலீன் ஆக்சைடு ஏறினால் இது. ஆலையில் வரும் விளைச்சலில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படி ஆகிவிடும். பிரேக் ஆயில், அச்சு மை, பாலியெஸ்டர் பிசின், சிமென்ட் அரைக்கும் ஆலை என்று இதற்கு நேர்மையான வேலைகள் நிறைய உண்டு. வயிற்றுக்குள் மட்டும் இதற்கு வேலையில்லை.

4. பாலிஎத்திலீன் கிளைகால். நீளமான சங்கிலி மூலக்கூறு. குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு டாக்டர்கள் எழுதித்தரும் பொடி இதுதான். குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். பெயரைக் கேட்டுப் பதறி அதை நிறுத்த வேண்டாம்.

5. கிளிசரின். மூன்று ஹைட்ராக்சில் கொண்டது, கிளைகால் அன்று. எண்ணெய், கொழுப்பிலிருந்து வருவது. இருந்தாலும் இந்தக் கதையில் அதற்கும் இடமுண்டு. உலகில் நடந்த பல சாவுகளில் டைஎத்திலீன் கிளைகால் 'கிளிசரின்' என்ற பெயரில்தான் உள்ளே வந்தது.

முதல் பொருளின் தயாரிப்பை மூன்றாவதோடு ஒப்பிட்டால் ஒரு முக்கியமான விஷயம் விளங்கும். புரோப்பிலீன் ஆக்சைடிலிருந்து வரும் ஆலையில் கூடப்பிறப்பது டைபுரோப்பிலீன் கிளைகால். டைஎத்திலீன் கிளைகால் அங்கே தானாக உருவாக வழியில்லை. கிளிசரினும் அப்படியே. ஆகவே, புரோப்பிலீன் கிளைகால் என்று வாங்கிய டிரம்மில் டைஎத்திலீன் கிளைகால் இருந்தால் அது வேதிவினையின் தவறு ஆகாது. ஆலையைவிட்டு வெளியே வந்தபின், ஒரு மனிதர் கை பட்ட இடத்தில்தான் அது நுழைந்திருக்கும்.

உடலுக்குள் நடப்பது

புரோப்பிலீன் கிளைகால், டைஎத்திலீன் கிளைகால் இரண்டும் நிறமில்லாதவை, கொழகொழப்பானவை, வாசனை ஏறத்தாழ இல்லாதவை, நாக்குக்கு லேசாக இனிப்பவை. உடலுக்குள் போனதும் இரண்டையும் பிடிப்பதும் ஒரே நொதி: கல்லீரலில் இருக்கும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ். சாராயத்தைச் சிதைப்பதும் இதுதான். பாதை பிரிவது அதற்குப் பிறகு.

புரோப்பிலீன் கிளைகால் இந்த நொதியில் மாட்டினால் லாக்டால்டிஹைடு ஆகி, பிறகு லாக்டிக் அமிலமாகும். மாடிப்படி ஏறினால் நம் தசையே உண்டாக்கும் அமிலம் அது. உடலுக்குப் பழக்கமானது. பைருவேட்டாக மாற்றி எரித்துவிடும். மிக அதிகமாகப் போனால் இதுவும் தொல்லை தரும். அதனால்தான் அளவு வரம்பு இருக்கிறது.

டைஎத்திலீன் கிளைகால் வேறு பாதையில் போகிறது. அதன் நடுவில் ஒரு ஆக்சிஜன் அணு, இரண்டு பக்கமும் கார்பனோடு பிணைந்து உட்கார்ந்திருக்கிறது. வேதியியலில் இதை ஈதர் பிணைப்பு என்பார்கள். நம் நொதிகளால் அந்தப் பிணைப்பை உடைக்க முடியாது. ஓரங்களை மட்டும் அரிக்கும். ஒரு முனை அமிலமாகி ஹைட்ராக்சிஎத்தாக்சி அசிட்டிக் அமிலம் வரும். மறுமுனையும் அமிலமானால் டைகிளைகாலிக் அமிலம். சிறுநீரகத்தைக் கொல்வது இந்தக் கடைசிப் பொருள்.

எப்படி என்பதுதான் இந்த விஷயத்திலேயே என்னை மிகவும் உலுக்கும் பகுதி. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது நல்லதும் கெட்டதும் சேர்ந்தே குழாய்க்குள் இறங்கும். குழாயின் தொடக்கப் பகுதியில் இருக்கும் செல்கள், உடலுக்கு வேண்டியதை மறுபடி பொறுக்கி எடுக்கும். சிட்ரேட், சக்சினேட் போன்ற அமிலங்கள் செல்லுக்கு எரிபொருள். அவற்றை உள்ளே இழுக்கத் தனி வாசல் உண்டு. டைகிளைகாலிக் அமிலத்தின் உருவம் சக்சினேட்டைப் போலவே இருக்கும். இரண்டு முனையிலும் அமிலக் குழு, நடுவில் சிறு இடைவெளி. வாசல் ஏமாந்துபோகிறது. உணவு என்று நம்பி உள்ளே இழுக்கிறது. உள்ளே வந்த பொருள் எரிவதில்லை, வெளியேறுவதும் இல்லை. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட்டை எரிக்க வேண்டிய நொதியின் வேலையை நிறுத்துகிறது, கால்சியத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆற்றல் இல்லாமல் செல் மடிகிறது. குழாயின் உட்சுவர் உதிர்ந்து குழாயையே அடைக்கிறது. சிறுநீர் நின்றுபோகிறது.

எத்திலீன் கிளைகாலும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும், ஆனால் வேறு விதமாக. அது ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியம் ஆக்சலேட் படிகமாக உறையும். டைஎத்திலீன் கிளைகால் நச்சில் அந்தப் படிகம் இருக்காது, ஏனென்றால் நடு ஆக்சிஜன் உடைந்து எத்திலீன் கிளைகால் வெளிவருவதில்லை. 'டைஎத்திலீன்' என்றால் இரண்டு பங்கு எத்திலீன் கிளைகால் என்று நினைப்பது பிழை.

நோயாக இது வெளிப்படும் வரிசை:

1. முதலில் வாந்தி, வயிற்றுவலி, சோர்வு. காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தையிடம் இதைப் பார்த்தால் காய்ச்சலின் அறிகுறி என்றே தோன்றும். வாந்தி என்று இன்னொரு வேளை மருந்து கொடுப்பவர்களும் உண்டு.

2. ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீர் குறைந்து நின்றுபோகும். முகம், கால் வீங்கும். மூச்சு வேகமாகும்.

3. பிழைத்து அடுத்த கட்டத்துக்கு வந்தால் நரம்பு பாதிப்பு. முகத் தசை செயலிழத்தல், கைகால் தளர்ச்சி, மயக்கநிலை.

முறிவு மருந்து உண்டு. ஃபோமெபிசோல் என்ற ஊசி மருந்து ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸைத் தடுத்து நிறுத்தும்; கிளைகால் அமிலமாகாமல் இருக்கும்போதே டயாலிசிஸ் செய்து வெளியேற்றிவிடலாம். சிக்கல் என்னவென்றால், அமிலமாக மாறும்முன் கொடுத்தால்தான் அதற்குப் பயன். குழந்தை ஆஸ்பத்திரிக்கு வருவதோ சிறுநீர் நின்ற பிறகு. டாக்டர்களும் முதலில் தொற்று, மூளைக்காய்ச்சல் என்றுதான் தேடுவார்கள். வங்கதேசத்தில் 1990 முதல் 1992 வரை காரணம் தெரியாத சிறுநீரகச் செயலிழப்போடு 339 குழந்தைகள் வந்தார்கள். 236 பேர் இறந்தார்கள். பாராசிட்டமால் டானிக்கில் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது என்று தெரிய அவ்வளவு காலம் ஆயிற்று.

டிரம் எங்கே மாறுகிறது?

மருந்து ஆலைக்குப் புரோப்பிலீன் கிளைகால் வருவது சுமார் 200 லிட்டர் கொள்ளும் நீல நிற, கறுப்பு நிற டிரம்களில், அல்லது டேங்கரில். தயாரித்த ஆலையிலிருந்து நேரே வருவது அரிது. பெரிய வியாபாரி, அவரிடம் வாங்கும் சிறு வியாபாரி, டிரம்மை உடைத்துக் கேனில் பிரித்து விற்பவர் என்று பல கை மாறும். அதே வியாபாரி பெயின்ட் கம்பெனிக்கும் சரக்கு போடுவார். அதே கிடங்கில் டைஎத்திலீன் கிளைகாலும் நிற்கும், விலை குறைவாக.

சரக்கோடு ஒரு தாள் வரும்: பகுப்பாய்வுச் சான்றிதழ். தூய்மை 99.5 சதவீதத்துக்கு மேல், ஈரம் இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்தத் தாள்தான் இந்த விபத்துகளின் மையம். பனாமாவில் 2006இல் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற இருமல் மருந்தில் 'கிளிசரின்' சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தது. ஒவ்வொரு கையிலும் முந்தைய சான்றிதழின் வாசகம் புதிய தலைப்புத் தாளில் ஏறியது. வழியில் ஒருவர்கூட டிரம்மைத் திறந்து சோதிக்கவில்லை. இந்தோனேசியாவில் 2022இல் இருநூறு குழந்தைகள் இறந்தபோது, தொழிற்சாலைத் தரக் கிளைகாலின்மேல் மருந்துத் தர லேபிள் ஒட்டி விற்றது தெரியவந்தது.

சுங்குவார்சத்திரம் ஆலையில் ஆய்வு செய்த தமிழ்நாடு அதிகாரிகள் 350க்கு மேற்பட்ட விதிமீறல்களைப் பட்டியலிட்டார்கள். மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைகால் வாங்கப்பட்டது அதில் ஒன்று. உரிமம் ரத்தானது, ஆலை மூடப்பட்டது, உரிமையாளர் கைதானார்.

சோதனை இருந்தும் ஏன் தப்பியது?

மருந்துச் சோதனை என்றதும் பாட்டிலில் இருக்கும் எல்லாவற்றையும் அலசிவிடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். வழக்கமான சோதனை கேட்பது ஒரே கேள்வி: லேபிளில் எழுதிய மருந்து, எழுதிய அளவில் இருக்கிறதா? 125 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறதா? இருக்கிறது. தேர்ச்சி. கரைப்பான் நஞ்சாக இருந்தாலும் பாராசிட்டமாலின் எண் மாறாது. எதைத் தேடுகிறோமோ அதைத்தான் கருவி காட்டும்.

ஆகவே பிடிக்க வேண்டிய இடம், டிரம் ஆலைக்குள் நுழையும் நேரம். ஒவ்வொரு டிரம்மிலும் மாதிரி எடுக்க வேண்டும். பத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு மீதியை நம்பக் கூடாது. சோதனைகள் எளியதிலிருந்து நுட்பமானது வரை உண்டு.

1. எடை. ஒரு லிட்டர் புரோப்பிலீன் கிளைகால் 1,036 கிராம் எடை. ஒரு லிட்டர் டைஎத்திலீன் கிளைகால் 1,118 கிராம். 82 கிராம் வித்தியாசம், மளிகைக்கடைத் தராசுக்கே தெரியும். முழு டிரம்மும் மாறியிருந்தால் இதிலேயே சந்தேகம் வந்துவிடும். ஆனால் தண்ணீர் கலந்தால் எடை இறங்கிவிடும், சிறிய கலப்பும் புலப்படாது. சந்தேகப்பட இது போதும், நிம்மதியடையப் போதாது.

2. மெல்லடுக்கு குரோமடோகிராபி. கையளவு தகடு ஒன்றில் சிலிக்கா மாவு மெல்லிய வெள்ளைப் பூச்சாகப் படிந்திருக்கும். அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு புள்ளியில் டிரம்மின் மாதிரி, பக்கத்தில் அசல் புரோப்பிலீன் கிளைகால், அதற்கடுத்து அசல் டைஎத்திலீன் கிளைகால் என்று நுண்குழாயால் வைப்பார்கள். தகட்டின் கீழ்முனையைக் கரைப்பானில் நிறுத்தினால், சுவரில் ஈரம் ஏறுவதுபோல் கரைப்பான் மேலேறும். போகும் வழியில் ஒவ்வொரு பொருளையும் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்கிச் செல்லும். காய்ந்த தகட்டின்மேல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளித்தால் தகடு ஊதாவாகும், கிளைகால் நிற்கும் இடம் மட்டும் மஞ்சள் பழுப்பாக மாறும். மாதிரியின் புள்ளி எந்த அசலின் உயரத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

3. வாயு குரோமடோகிராபி. மாதிரியை ஆவியாக்கி நீண்ட நுண்குழாய் வழியே ஓட விடுவது. புரோப்பிலீன் கிளைகால் 188 டிகிரியில் கொதிக்கும், டைஎத்திலீன் கிளைகால் 245 டிகிரியில். அதனால் முந்தையது முன்னால் வெளியேறும், பிந்தையது தாமதமாக வரும். திரையில் இரண்டு தனித்தனிக் கூம்புகள். 0.1 சதவீத வரம்பைத் துல்லியமாக அளக்க இந்த முறைதான்.

இரண்டாவது சோதனையைச் செய்ய ஒரு மதியப் பொழுது போதும். அதை விட்டுவிட்டதற்கு வசதியின்மையைக் காரணமாகச் சொல்லும் ஆலைக்கு, வாயில் ஊற்றும் மருந்து தயாரிக்க உரிமம் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1937 முதல் தெரிந்த நஞ்சு

அமெரிக்காவில் மாசென்கில் என்ற நிறுவனம் 1937இல் சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக விற்க விரும்பியது. அந்த மருந்தும் தண்ணீரில் சரியாகக் கரையாது. அவர்களுடைய வேதியியலாளர் டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்துப் பார்த்தார், நன்றாகக் கரைந்தது. ராஸ்பெரி மணம் சேர்த்து 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு' என்று விற்றார்கள். மணம், சுவை, நிறம் எல்லாம் சோதித்தார்கள், நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. அன்றைய சட்டமும் அதைக் கேட்கவில்லை. 105 பேர் இறந்தார்கள், அவர்களில் 34 பேர் குழந்தைகள். நிறுவனத்தின்மேல் போட முடிந்த வழக்கு, ஆல்கஹால் இல்லாத மருந்துக்கு 'எலிக்சிர்' என்று தவறான பெயர் வைத்தது மட்டுமே. மறு ஆண்டு, 1938இல், விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது.

நமக்கும் இது புதிதில்லை. 1972இல் சென்னையிலேயே 14 குழந்தைகள் இறந்தார்கள். புரோப்பிலீன் கிளைகாலுக்குப் பதில் டைஎத்திலீன் கிளைகால் போன மருந்து. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினால் 14 பேர். அதை விசாரித்த லென்டின் ஆணையம் மருந்துக் கட்டுப்பாட்டின் ஓட்டைகளை வரிசைப்படுத்தியது. 1998இல் குருகிராமில் 33 குழந்தைகள். 2020இல் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். 2022இல் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள் இந்தியத் தயாரிப்பு சிரப்புகளைக் குடித்து இறந்ததாகச் சந்தேகம் எழுந்து உலகமே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு உஸ்பெகிஸ்தானிலும் இந்திய சிரப் குடித்த குழந்தைகள் இறந்தார்கள். சென்னையிலிருந்து சுங்குவார்சத்திரம் ஐம்பது கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க இந்தப் பாடத்துக்கு ஐம்பத்து மூன்று ஆண்டு போதவில்லை.

விதி எங்கே நின்றது?

காம்பியாவுக்குப் பிறகு மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 2023 ஜூன் 1 முதல், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இருமல் சிரப் ஒவ்வொன்றும் அரசு ஆய்வகத்தில் சோதனையாகிச் சான்றிதழ் பெற்ற பிறகே கப்பலேறும். நல்ல விதி. ஆனால் அது ஏற்றுமதிக்கு மட்டும். உள்ளூர்க் கடைக்குப் போகும் பாட்டிலுக்கு அப்படி ஒரு முன்சோதனை கட்டாயமாகவில்லை. வெளிநாட்டுக் குழந்தைக்கு இருந்த காவல் சிந்த்வாரா குழந்தைக்கு இல்லாமல் போனதை எந்த நிர்வாகக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

நம் சட்டப்படி, மருந்து தயாரிக்க உரிமம் தருவதும் ஆலையைச் சோதிப்பதும் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. மருந்து ஒரு மாநிலத்தில் தயாராகி இன்னொரு மாநிலத்தில் விற்கும்போது, நோய் தெரியும் இடம் ஒன்று, டிரம் இருக்கும் இடம் வேறு. நல்ல தயாரிப்பு நடைமுறைகளைச் சொல்லும் அட்டவணை எம் திருத்தப்பட்டபோது பெரிய நிறுவனங்களுக்கு முதலில் அமலாகி, ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்குக் குறைந்த சிறு நிறுவனங்களுக்கு 2025 இறுதிவரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. சிந்த்வாராவுக்குப் பின், மூலப்பொருளையும் தயாரான மருந்தையும் பேட்ச் வாரியாகச் சோதிப்பதை உறுதிசெய்யும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் மாநிலங்களுக்கு எழுதியது. மூலப்பொருளைச் சோதிக்கும் கடமை விதிப் புத்தகத்தில் முன்பே இருந்ததுதான். புதிதாகத் தேவைப்படுவது, சோதனை நடந்ததா என்று ஆலைக்குள் போய்ப் பதிவேட்டைத் திருப்பிப் பார்க்கும் ஆட்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை, தானாகவே அடங்கும். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அறிவுறுத்தியது. குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவு 2023 டிசம்பரிலேயே வந்தது. கோல்ட்ரிஃப்பில் அந்த இரண்டும் இருந்தன. ஆகவே பாட்டிலில் நஞ்சு இல்லாமல் இருந்திருந்தால்கூட, இறந்த குழந்தைகளில் பலருக்கு அந்த மருந்து போயிருக்கவே கூடாது.

நஞ்சு இருக்கிறதா என்று பாட்டிலைப் பார்த்தோ, முகர்ந்தோ, சுவைத்தோ வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. கவனிக்கக் கூடியது குழந்தையை. சிரப் குடிக்கும் குழந்தை ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால், அல்லது திடீரென்று சோர்ந்து வாந்தியெடுத்தால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். "எந்த மருந்து கொடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு வாயால் பெயர் சொன்னால் போதாது. பாட்டிலையே கொண்டுபோக வேண்டும், மூடியோடும் லேபிளோடும். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. காலியாகிவிட்டது என்று குப்பையில் போட வேண்டாம், கழுவவும் வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு மில்லி ஆய்வகத்துக்குப் போதும். அதே பேட்ச் பாட்டில் அடுத்த தெரு வீட்டிலும் திறந்திருக்கலாம்.